யாரோ சுமந்த தூண்

திருவில்லிபுத்தூருக்குத் திரும்பும் மாட்டு வண்டியில் பாதி இடம் காலியாக இருந்தது. ஆனாலும் வண்டிக்காரர் ஏற்ற மறுத்ததால், கல் சுமக்கும் கூலியாளும் அவர் மனைவியும் இராஜபாளையத்திலிருந்தே பின்னால் நடந்து வந்தார்கள். பொட்டல்புதூர்ப் பள்ளிவாசலுக்குப் போய் வருகிறவர்கள்.

“பள்ளிவாசலுக்குள்ள தூணைக் கட்டிக்கிட்டு அழுதீகளே, எதுக்கு?” என்றாள் அவள்.

“என்ன சாதின்னு ஒருத்தரும் கேக்கலையே ஏட்டி!”

“நல்லாயிருக்கு! அதுக்குப் போயி அழுவாகளா?”

“நம்மூர்க் கோயில் மண்டபத்துக்குத் தூணு சுமந்து தோளே காச்சுப்போச்சு. கும்பாபிசேகம் முடிஞ்சதும், இனிமே வாசலோட நில்லுன்னுட்டாக.”

“நிமித்தி வச்ச பொறவு அந்தத் தூணு எப்படி இருக்குன்னு பாத்தீகளா?”

“எங்கிட்டுப் பாக்க? அதாம்ட்டி, யாரோ சுமந்த தூணைக் கட்டிக்கிட்டேன்.”