கண்ணில் வேலை செய்யாத புரோட்டீன்

தருமபுரியில் கண் ஆஸ்பத்திரி ஃபைலோடு பஸ் ஏறிய ஒரு கணவனும் மனைவியும் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“எங்கண்ணுல ஒரு புரோட்டீன் வேலை செய்யலீங்களாம்,” என்றார் அந்தப் பெண் கணவரிடம், பரிசு விழுந்தவர் போல.

“அதுக்கு ஏன் சிரிக்கிற?”

“வெளிச்சம் பட்டா கண்ணு சிக்னல் அனுப்புமாம். அத டக்குனு நிறுத்துறதுக்குத்தான் அந்தப் புரோட்டீனாம். எனக்கு நிக்கறதுக்கு லேட்டாவுது. அதான் வூட்டுக்குள்ள இருந்து வெயிலுக்கு வந்தா கொஞ்ச நேரம் எல்லாம் வெள்ளையாயிடுது. வாசல்ல வந்து நின்னாலும் வாங்கன்னு கேக்கறதில்ல, திமிரு புடிச்சவள்னு உங்கக்கா இருபது வருசமா சொல்றாங்க. அவங்க நின்னதே எனக்குத் தெரியலீங்க.”

கணவரும் சிரித்தார். பிறகு யோசனையில் ஆழ்ந்தார்.

“பொண்ணு பார்க்க வந்தப்ப, சமையல்கட்டுல இருந்து நேரா வெயிலுக்குத்தானே காபி கொண்டாந்த?”

“ஆமாங்க.”

“அப்ப என்னைப் பார்த்துத்தான் சரின்னு சொன்னியா?”

“எங்கீங்க பார்த்தேன். குரல் நல்லா இருந்துச்சு.”

“அதுக்குன்னே புதுச்சட்டை தைச்சுப் போட்டுக்கிட்டு வந்தனே.”

“அப்படிங்களா,” என்று அந்தப் பெண் ஆர்வமாக அவர் பக்கம் திரும்பினார். “என்ன கலருங்க?”