முனியன் பேரில் வந்த கண்

இந்த ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, என்னைப் போன்ற வாயாடிக்கும் பதினைந்து நிமிடம் ஒதுக்கித் தந்திருக்கும் எங்கள் வணிகர் சங்கத்தின் தலைவர் அப்துல் ரசாக் பாய் அவர்களே! எனக்கு வலப்பக்கம் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் மருத்துவர் வர்ஷா அவர்களே! இரும்போடு இருந்து, இயந்திரத்தோடு எழுந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அடையாளம் தந்த முதலாளிமார்களே! மூன்று ஷிப்டும் முறை மாறாமல் உழைக்கும் தொழிலாளத் தோழர்களே! காலையில் ஆறு மணிக்கே அடுப்பை முடித்து, ஆவடி ரயிலைப் பிடித்து, இங்கே முன்வரிசையைப் பிடித்த தாய்மார்களே! அடுக்குமாடி வீடுகளிலிருந்து வந்திருக்கும் கணினித் துறை இளைஞர்களே! பின்வரிசையில் நின்றுகொண்டு, பந்தி எந்தப் பக்கம் என்று மூக்காலேயே கண்டுபிடித்துவிட்ட அன்பர்களே! அனைவருக்கும் இந்த ஏகாம்பரத்தின் பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'வளரும் தொழில்நுட்பமும் வாசலில் நிற்கும் சவால்களும்'. அழைப்பிதழில் அழகாக அச்சடித்திருக்கிறார்கள். நான் படித்தது பத்தாவது. அதிலும் தேறியது கணக்கில் மட்டும். இருபத்திரண்டு வருடம் மொபெட்டில் மூட்டை கட்டிக்கொண்டு, பட்டறை பட்டறையாகப் போய்க் கையுறை விற்றவன். அதனால்தான் இன்றைக்கும் தொழிற்பேட்டையில் 'கிளவுஸ் ஏகாம்பரம்' என்றால் கரையான்சாவடியில் இருக்கும் என் கடைவரைக்கும் வழி சொல்வார்கள். கையுறையில் தொடங்கி, தலைக்கவசம் விற்று, இப்போது கேமரா விற்கிறேன். கருவி மாறியது. விற்கிற வாய் மாறவில்லை.

அன்பர்களே, நம்மைச் சுற்றிப் பாருங்கள்! நேற்றுவரை பற்றவைத்த கை, இன்று இரும்புக் கை. நேற்றுவரை பிசிறு பார்த்த கண், இன்று கேமராக் கண். அலுவலகத்தில் கடிதம் எழுதக் கணினி, மருத்துவமனையில் படம் படிக்கக் கணினி, ஆலை வாசலில் ஆளைப் பார்த்து வருகை போடவும் கணினி! அந்த வாசல் கருவி வந்த புதிதில் திருத்தணி போய் மொட்டை அடித்து வந்தவரை மூன்று நாள் உள்ளே விடவில்லை. சிரிக்காதீர்கள், அதை விற்றவன் நான்தான். இப்போது அதற்கு மொட்டையும் தெரியும், தாடியும் தெரியும்.

கருவி நல்லதா, கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நான் வரவில்லை. நான் விற்கிறவன். நல்லது என்றுதான் சொல்வேன். ஆனால் போன ஆடி மாதம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் இல்லை. அதில் வரும் இரண்டு பேரும் இதோ நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். அவர்களில் ஒருவன் முனியன், அவன் என்ன சொன்னான் தெரியுமா? "என் பேர தாராளமா சொல்லு அண்ணாத்தே. ஆனா இந்தத் தபா என் பேர்ல என்னிய மட்டும் சொல்லு."

அது ஏன் என்று சொல்கிறேன்.

கண்ணைப் படம் எடுக்கும் கேமரா ஒன்று உண்டு. தாடையை அதில் வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்த்தால் போதும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்து, சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டதா என்று இரண்டு நிமிடத்தில் கணினியே சொல்லிவிடும். அதை ஓர் ஆலைக்கு விற்றேன். பெயர் வேண்டாம். விற்கும்போது முதலாளியிடம் என்ன சொன்னேன்? "உடம்பைப் பார்க்கலாம் சார், உயிரைக் காக்கலாம் சார்" என்று சொன்னேன். அதோடு நிறுத்தினேனா? இல்லை! "தை மாதம் தானியங்கி பிரஸ் வருகிறதே, பன்னிரண்டு ஆபரேட்டரில் ஐந்து பேர்தானே வேண்டும்? யாரை வைப்பது, யாரை விடுவது என்று இதைப் பார்த்தே முடிவு பண்ணலாம் சார்" என்றும் சொன்னேன். இந்த வாய்தான் சொன்னது. ஆர்டர் அன்றைக்கே கைக்கு வந்தது.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன் முனியன். பதினான்கு வருடமாகப் பிரஸ் மெஷின். ஆறு வருடமாகச் சர்க்கரை. மாத்திரையைப் புதினா மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் விழுங்குகிறவன். ஆலையில் கண் பரிசோதனை முகாம் என்று அறிவிப்பு வந்ததும் அவனுக்கு வேர்த்துவிட்டது. கண்ணில் கோளாறு என்று வந்தால் வேலை போகுமே! என்ன செய்தான்? லோடிங்கில் வேலை பார்க்கும் கோகுல்நாத்தைப் பிடித்தான். காண்டிராக்ட் ஆள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நசரத்பேட்டை மைதானத்தில் கிரிக்கெட். நாற்பது கிலோ பெட்டியை ஒரு தோளில் தூக்குகிறவன். முகாம் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும்தான். கோகுல் பேர் பட்டியலிலேயே இல்லை. தூசிக்குப் போட்ட முகக்கவசத்தோடு போய், "முனியன்" என்று கூப்பிட்டதும் தாடையை வைத்தான். பேர் கூப்பிட்டது என் கடைப் பெண் சித்ரா. அவளுக்கு யார் முகமும் தெரியாது.

வியப்பைப் பாருங்கள்! வாசலில் இருந்த கருவிக்கு முகம் தெரியும், கண்ணுக்குள்ளே தெரியாது. உள்ளே இருந்த கருவிக்குக் கண்ணுக்குள்ளே தெரியும், முகம் தெரியாது. இரண்டு கருவிக்கும் நடுவில் ஒரு மனிதன் பயந்துகொண்டே நடந்து போனான்.

சனிக்கிழமை எல்லோருடைய அறிக்கையும் மொத்தமாக வந்தது. 'முனியன். இரண்டு கண்ணிலும் கடுமையான பாதிப்பு. தாமதித்தால் பார்வை போகும்.' நேராகப் போனது யார் கைக்கு? மனிதவள அதிகாரி அரவிந்தன் கைக்கு. அவர் முனியனை அழைத்தார். விருப்ப ஓய்வுத் தாளை மேசைமேல் வைத்தார். கையெழுத்துப் போடத் திங்கட்கிழமை வரைக்கும் நேரம் என்றார். அவரையும் நான் குறை சொல்ல மாட்டேன். நான் விற்றபடிதான் அவர் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கடையைத் திறக்கிறேன், முனியன் நிற்கிறான்.

"இன்னா மிசின் வித்துகீற நீ? எனக்கு ஒரு லெட்டர் குடு. மிசின் கோளாறுன்னு எழுதிக் குடு."

"மெஷின் கோளாறு இல்லப்பா."

"கோளாறுதான்! எனக்குத் தெரியும், கோளாறுதான்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

கடையிலேயே செய்து காட்டும் கேமரா ஒன்று இருக்கிறது. சித்ராவை வரவழைத்து, "உட்கார், திரும்பவும் பார்ப்போம்" என்றேன். அவன் நாற்காலியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெண்டு வருசமா ஊருக்கே விக்கிறியே அண்ணாத்தே, நீ எப்பனா இதுல தாடைய வச்சிகீறியா?"

"நான் விக்கிறவன்பா. நீ உட்கார்" என்றேன். அந்தக் கேள்வியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன். நீங்கள் மறந்துவிடாதீர்கள்.

படம் எடுத்தோம். முனியன் கண்ணில் ஒன்றும் இல்லை! ஆறு வருடச் சர்க்கரை அவன் கண்ணைத் தொடவே இல்லை. "பாத்தியா, பாத்தியா, நான் சொல்லல?" என்று குதிக்கிறான். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் நானே கருவியைச் சந்தேகப்பட்டேன். பதினான்கு ஆலைக்கு விலை சொல்லி வைத்திருக்கிறேனே! அப்போது சித்ரா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "சார், இது ரெண்டும் ஒரே ஆளோட கண்ணே இல்ல. நரம்பு ஓடுற வழியே வேற."

பூந்தமல்லி வரைபடத்தையும் வேப்பம்பட்டு வரைபடத்தையும் சேர்த்து வைத்த மாதிரி இருந்தது.

"முனியா, இது யார் கண்ணு?"

தலை குனிந்தான். "யார் கண்ணா இருந்தாலும் சரி, சீக்கிரம் பார்க்கலைன்னா இருட்டாயிடும்" என்றேன். எழுந்தான். வாசலுக்குப் போனான். ஒரு செருப்பை மாட்டினான். இன்னொன்றை மாட்டவில்லை. அப்படியே திரும்பி வந்தான்.

"கோகுலு கண்ணு அண்ணாத்தே. அவன் மாடு மாரி கீறான், அவனுக்கு ஒண்ணும் இருக்காதுன்னுதான் இட்டுகினு போனேன். மிசின்தான் தப்பா சொல்துன்னு நெனச்சேன்."

தாய்மார்களே, இப்போது அவன் நிலையை நினைத்துப் பாருங்கள்! 'கருவி கோளாறு' என்று நான் ஒரு வரி எழுதினால் முனியன் வேலை பிழைக்கும். கோகுலை ஓசையில்லாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போய்விடலாம். யாருக்கு என்ன நட்டம்? எழுதியிருக்கலாம் இல்லையா? என்ன அண்ணே, "எழுதியிருக்கலாம்" என்கிறீர்களா? நானும் பேனாவைத் தேடினேன். சித்ராதான் கேட்டாள். "அன்னிக்கு ஆலை முழுக்க இன்னும் பதினோரு பேருக்குப் பாதிப்புன்னு வந்திருக்கு சார். கோளாறுன்னு நீங்க எழுதினா, அவங்களும் மிசின் பொய்னு வீட்டுல உக்காந்துடுவாங்களே?"

பேனா கிடைத்தது. மூடியைத் திறக்கவில்லை.

முனியன் போய் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டான். பிறகு, "மொதல்ல அவன ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம். கம்பெனில நானே சொல்லிக்கிறேன்" என்றான். பதினான்கு வருட வேலையைப் பணயம் வைத்துவிட்டுச் சொன்னான் அய்யா, அந்த வார்த்தையை!

மைதானத்தில் போய் நிற்கிறோம். கோகுல் மட்டையோடு வருகிறான். "எனக்கா? இன்னா நைனா, காமெடி பண்றீங்க? போன வாரங்கூட நாலு சிக்சரு!" என்று சிரித்தான். முனியன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துக் கோகுலின் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு மாசமா பந்து லேட்டா தெரியிது. வயசாச்சுன்னு நெனச்சேன்." வயது முப்பத்தாறு!

விடுமுறை நாள் என்றும் பாராமல் மருத்துவமனைக் கதவைத் திறந்தவர் இந்த வர்ஷா அம்மா. அம்மா, உங்களுக்குக் கைதட்டலாமா வேண்டாமா என்று கேட்காமலே தட்டுகிறார்கள், பாருங்கள்! கோகுலுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இடது கண் காப்பாற்றப்பட்டது. வலது கண்ணில் பாதிப் பார்வை போனது போனதுதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மேடைக்காகச் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை ஆலைக்குப் போனோம். முனியன் நின்றபடியே சொல்லி முடித்தான். அரவிந்தன், "ஆள் மாறாட்டம் செய்தவரை எப்படி வேலையில் வைப்பது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதிலை நான் சொன்னேன். "இவன் செய்தது தப்பு. ஆனால் இவனைப் பயப்பட வைத்தது கேமரா இல்லை, கேமராவோடு சேர்த்து நான் விற்ற யோசனை. யாரை விடுவது என்று இதைப் பார்த்து முடிவு பண்ணுங்கள் என்றேனே, அந்தச் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள வந்திருக்கிறேன்." கூட இருந்த முதலாளி ஓய்வுத் தாளைக் கிழித்தார். முனியனுக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன் கொடுத்தார். அதுவும் நியாயம். இன்றைக்குத் தானியங்கி பிரஸ்ஸில் அச்சு மாற்றப் பழகிக்கொண்டிருக்கிறான். நிலைக்குமா என்று எனக்குத் தெரியாது. கோகுல் இன்னும் காண்டிராக்ட் ஆள்தான். பெட்டி தூக்குவதில்லை, சீட்டு ஒட்டுகிறான்.

அன்பர்களே! அந்தப் பொய் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? பட்டியலில் பேர் இல்லாத கோகுலின் கண்ணை எந்தக் கருவி பார்த்திருக்கும்? திருட்டுத்தனமாகப் போனவனுக்குத்தான் வைத்தியம் கிடைத்தது என்றால், நம் பட்டியல் சரியா? கண்ணைப் பார்க்கக் கருவி வாங்கினோம். அந்தக் கண் பார்த்துப் பயப்படுவது யாரை என்று பார்த்தோமா? அறிக்கை அச்சடிக்க இயந்திரம் வாங்கினோம். அது யார் கையில் முதலில் விழ வேண்டும் என்று கேட்டோமா? பயந்தவன் முகத்தை மறைப்பான். பயந்தவன் பேரை மாற்றுவான். பயந்தவன் மாத்திரையை மிட்டாய் டப்பாவில் போடுவான். பயந்தவர்களை வைத்துக்கொண்டு எவ்வளவு உயர்ந்த கருவி வாங்கினாலும், அது சரியான கண்ணைப் பார்த்துத் தவறான பேரைத்தான் எழுதும்!

அதனால் இப்போது என் விலைப் பட்டியலில் மூன்று வரி சேர்த்திருக்கிறேன். அறிக்கை முதலில் தொழிலாளி கையில். அதைக் காட்டி யாரையும் வேலையை விட்டு எடுக்கக் கூடாது. காண்டிராக்ட் ஆளுக்கும் நாற்காலி உண்டு. பதினான்கு ஆலையில் ஆறு ஆலை, "நீ என்ன எங்களுக்குச் சட்டம் சொல்வது?" என்று ஆர்டரை நிறுத்திவிட்டது. எட்டு ஆலை கையெழுத்துப் போட்டது. வியாபாரிக்கு எட்டு போதும். இந்த மூன்று வரியையும் சங்கத்தின் தீர்மானமாகத் தலைவர் பாய் இன்றே முன்மொழிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆறு முதலாளிகளில் இரண்டு பேர் முன்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் கையையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன்.

துண்டுச்சீட்டு வந்துவிட்டது. முடிக்கிறேன்.

இந்தக் கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில் விளக்கை அணைத்து, உங்களுக்காகக் கேமராவை வைத்து, சித்ரா உட்கார்ந்திருக்கிறாள். காலையிலிருந்து ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் எனக்கும் பதினோரு வருடமாகச் சர்க்கரை. முனியா, அன்றைக்குக் கடையில் ஒரு கேள்வி கேட்டாயே, "நீ எப்பனா தாடைய வச்சிகீறியா" என்று. வைத்ததில்லை. கோளாறு என்று வந்தால் கடையை யார் பார்ப்பது, ஆர்டரை யார் கொடுப்பார் என்று பயம். உன் பயம்தான் எனக்கும். உனக்குக் கோகுல் கிடைத்தான். எனக்கு, 'நான் விக்கிறவன்பா' என்கிற சாக்கு கிடைத்தது.

இந்த மேடையிலிருந்து இறங்கி நேராக அந்த அறைக்குத்தான் போகிறேன். சித்ரா, கதவைத் திற அம்மா! பட்டியலில் முதல் பேர் எழுது: ஏகாம்பரம். என் பேர், என் கண். எனக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் அவரவர் பேரிலேயே வாருங்கள். சாப்பாடு எங்கேயும் ஓடிவிடாது.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இனிக் காட்டப் போகும் உங்கள் கண்களுக்கு வணக்கம்!