ஒரு கூடைச் சிப்பி

— வேரைப் பாயில வைக்காதே, கெலெரா. கையிலயே வச்சுக்க.

— மன்னிப்புக் கேக்க வந்தவ யங்கோனா வேரை முன்னால வைக்காம எப்படிக் கேக்குறது, தராய்வினி அக்கா?

— கேக்காதே. அவ்வளவுதான். மரவள்ளி வெந்திருக்கு, சாப்பிடு. தேங்காய்ப்பால் காலையில பிழிஞ்சது, கொஞ்சம் புளிச்சிருக்கும். உங்க கண்டாவுத் தீவுக்காரங்களுக்கு அதெல்லாம் தெரியவா போகுது.

— எங்க தீவைத் திட்டுறதை மட்டும் நீங்க மறக்கலை.

— மறப்பேனா? பாட்டுப் பாடி ஆமையைக் கரைக்குக் கூப்பிடுற ஊராச்சே. ஒன்பது வருஷம் முந்தி நீ வந்தப்போ உன்னைப் பாடச் சொன்னோம். ஒரு நண்டுகூட எட்டிப் பாக்கலை.

— அப்போ நான் காலேஜ் பொண்ணு. இப்போ ஆபீஸ் வேன்ல வந்திருக்கேன் அக்கா. உள்ள ஒரு பலகை இருக்கு. பேட்டரி ஃபேக்டரி வாய்க்கால் கடல்ல விழுதே, அங்க நடப்போறோம். 'சிப்பி எடுக்கக் கூடாது'ன்னு எழுதியிருக்கு.

— பெரிய எழுத்தா?

— பெரிய எழுத்துதான்.

— நல்லது. என் பொண்ணு அலுமிதா, பத்து வயசாகியும், பெரிய எழுத்துன்னா எழுத்துக் கூட்டிப் பாப்பா. சின்ன எழுத்துன்னா என் மூஞ்சியப் பாப்பா.

— அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பலகை ஒன்பது வருஷம் முந்தியே நின்னிருக்கணும். 'வாய்க்கால் சிப்பியில ஈயம் அளவோடதான் இருக்கு, சாப்பிடலாம்'னு எழுதினது நான்தான். அந்தக் காகிதத்தைக் காட்டித்தான் பலகை நடாம விட்டாங்க.

— தெரியும். சர்ச்சுல ஜெபம் முடிஞ்சதும் அதை நின்னு வாசிச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. என் மாமியார் அழுதாங்க.

— நீங்க?

— நானும் தட்டினேன். சரி, விடு. மீன் வைக்கட்டுமா?

— விட முடியலை அக்கா. போன மாசம் அங்க நானே சேத்துல இறங்கிச் சிப்பி எடுத்தேன். அளந்து பாத்தா ஈயம் அவ்வளவு கூடுதல், மிஷின் கெட்டுப்போச்சோன்னு நினைச்சேன். திரும்ப அளந்தேன். அதேதான்.

— நாங்க ராத்திரி முழுக்க உப்புத் தண்ணியில ஊற வச்சுத்தானே ஆக்குவோம்? சேறெல்லாம் கக்கிடுமே.

— சேத்தைக் கக்கும், ஈயத்தைக் கக்காது. அது சதையில போய் உக்காந்துடும், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா. வயசான சிப்பியில கூடுதலா இருக்கும்.

— நான் பெருசாப் பாத்துதான் அலுமிதாவுக்குப் பொறுக்குவேன்.

— அக்கா...

— இல்ல, கேளு. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு தூரம் போக முடியாது. வாய்க்கால் வீட்டுக்குப் பின்னாலயே இருந்துச்சு. தண்ணி வத்தினதும் இறங்கிக் கால் விரலாலயே தடவி எடுத்துடுவேன். அந்தச் சாறு இல்லாம அவ சோறு தொடமாட்டா. நாலு வயசுல பேச்சுக் குறைஞ்சுது. வயித்து வலின்னா. பல்லு முளைக்கிற மாதிரிதான்னு மாமியார் சொன்னாங்க. நாலு வயசுல என்ன பல்லு? அப்பவும் சாறுதான் குடுத்தேன், உடம்பு தேறட்டும்னு.

— ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்களா?

— வலிப்பு வந்த அப்புறம் எடுத்தாங்க. டாக்டர் 'ஈயம்'னு சொன்னார். ஈயம் எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டார். தெரியலைன்னு சொன்னேன்.

— என் காகிதத்தை நம்பிச் சொல்லியிருக்கீங்க. அதான் அக்கா, நான் தூங்கியே ரொம்ப நாளாச்சு. தப்பு எங்கன்னும் எனக்குத் தெரியும். மூணு இடத்துல, மூணு தடவை எடுக்கணும்னு வாத்தியார் சொல்லியிருந்தார். எனக்கு அன்னைக்குக் காய்ச்சல். நீங்க கொண்டுவந்து குடுத்த ஒரு கூடையோட பஸ் ஏறிட்டேன். ஒரு கூடையை வச்சு ஒரு ஊருக்கே எழுதிட்டேன்.

— காய்ச்சல்ல கிடந்தவ சேத்துல இறங்குவியா? நான்தான் படுன்னு சொன்னேன்.

— நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க. அவ்வளவு சுத்தமான கூடை நான் பாத்ததே இல்லை. சிப்பி ஓட்டைக்கூடத் தேச்சுக் கழுவி, மேல வாழையிலை போட்டுக் குடுத்தீங்க. உங்க மேல ஒண்ணும் இல்லை அக்கா. தப்பு என்னோடது. இந்த வேரைத் தொடுங்க, தொட்டாலே மன்னிச்ச மாதிரி. எடுத்துக்கக்கூட வேணாம்.

— தொட மாட்டேன்.

— கோவம்னா திட்டுங்க. அடிங்க. எங்க தீவையே திட்டுங்க.

— கோவமில்லை.

— பின்ன ஏன்?

— அந்தக் காகிதத்தை வாசிச்சப்போ நான் எந்திரிச்சிருக்கணும். எல்லாரும் கை தட்டிட்டு இருந்தாங்க. வெக்கமா இருந்துச்சு. எல்லாம் ஒரே கடல்தானேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

— எதுக்கு எந்திரிக்கணும்? எனக்குப் புரியலை.

— வேரை இங்க குடு, கெலெரா. நான் வாங்கிக்கிறதுக்கு இல்லை. திருப்பி உன் முன்னால வைக்கிறதுக்கு.

— என்ன அக்கா பண்றீங்க? எந்திரிங்க, என் முன்னால நீங்க மண்டி போடக்கூடாது.

— நீ வாய்க்கால் சிப்பிதான் வேணும்னு கேட்டே. காய்ச்சலோட வீட்டுக்கு வந்தவளுக்கு நாத்தம் புடிச்ச சேத்துச் சிப்பியை எப்படிக் குடுக்குறதுன்னு, படகை எடுத்துக்கிட்டு, தூரத்துல கடல் சுத்தமா இருக்கிற வெளித்திட்டு வரைக்கும் போய் உனக்கு நல்லதா எடுத்துட்டு வந்தேன். வாய்க்கால் சிப்பியை என் பிள்ளைக்குத்தான் குடுத்தேன்.