தம்பிக்கு வைத்த காளான் சாறு

போலீஸ் கமிசேர் ஐயா, காளானை மழை விட்ட மறுநாள் காலையிலேயே பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புழு வைத்துவிடும். ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. நேரம் தப்பிப் பறித்துவிட்டுக் காளானைக் குறை சொல்வார்கள்.

என் தம்பி ராஜாங்கத்துக்கு மில்லில் ஷிஃப்ட் மாறி மாறி வயிறு கெட்டுப்போயிருந்தது. சாப்பிட்டது எதுவும் தங்காது. நரம்புத் தளர்ச்சி வேறு. டம்ளரைப் பிடித்தால் காபி தளும்பும். டாக்டர் கொடுத்த மிக்சர் எடுபடவில்லை. நான்தான் மூலக்குளம் வரைக்கும் நடந்து, புற்றுக்காளான் பறித்து வந்து, மிளகும் பூண்டும் தட்டிப்போட்டுச் சாறு வைத்துக் கொடுத்தேன். அம்மா செத்தபோது அவனுக்கு நாலு வயது. பெண் கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பிவிட்டு அவனை வளர்த்தவள் நான். நான் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?

ஒரே மாதத்தில் ஆள் தேறிவிட்டான். கை நடுக்கம் நின்றது. நின்ற கையை வைத்துக்கொண்டு அவன் செய்த முதல் வேலை, காலண்டர் தாளின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகியது.

"என்னாடா இது?"

"ஒப்சியோன் எழுதப் போறேங்க்கா. வெள்ளக்காரன் ஊர விட்டுப் போனாலும் நான் பிரெஞ்சுக்காரனாவே இருந்துக்கறேன்னு தை முடியறதுக்குள்ள ஆபீசர் எதுருல கையெழுத்துப் போடணும். போட்டுட்டா அவன் ஊருக்கே கப்பல் ஏறிடலாம். ஒன் சாறு குடிச்சி கை நேராயிடுச்சி பாரு."

"அப்ப நானு?"

"லெட்டர் போடுறேங்க்கா."

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் வரவில்லை ஐயா, பயம்தான் வந்தது. அவன் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்காக உலை வைப்பேன்?

எருக்குழி ஓரத்திலும் காளான் முளைக்கும். அதுவும் வெள்ளைதான். மிளகு போட்டுவிட்டால் வித்தியாசம் தெரியாது. கொஞ்சமாகத்தான் கலந்தேன். தை தாண்டும்வரை அவன் படுத்துக் கிடந்தால் போதும் என்று நினைத்தேன். படுத்தான். கை மறுபடி நடுங்கியது. கொல்லைக்குத் தாங்கிக்கொண்டு போனேன், துணி அலசிப் போட்டேன். என் மனசு குளிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவனோடு மில்லில் வேலை செய்யும் தணிகாசலம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ரிக்‌ஷாவோடு வந்தான். தம்பி தூங்குகிறான் என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். உள்ளேயிருந்து அவன் கூப்பிட்டது தணிகாசலத்துக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து கதவைப் பூட்டிவிட்டுத்தான் வெளியே போனேன்.

கார்த்திகை பிறந்த அன்று ராஜாங்கம் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எங்கியும் போவலக்கா. ஒப்சியோனும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பழைய சாற மட்டும் வச்சிக் குடுக்கா."

பழைய சாறு என்றான். அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். படுக்கையில் கிடப்பவன் எதையும் சொல்வான். வயிறு தேறிவிட்டால் கால் தானாகக் கிளம்பும், ஒருமுறை பார்த்துவிட்டேனே. அன்றைக்கு எருக்குழிக் காளானை மட்டுமே போட்டுச் சாறு வைத்தேன். நானே ஊட்டினேன். பாதியில் வாயை இறுக்கிக்கொண்டான். தாடையைப் பிடித்து மீதியையும் குடிக்க வைத்தேன்.

போகமாட்டேன் என்று அவனாகத்தான் சொன்னான் ஐயா, நான் சொல்லச் சொல்லவில்லை. சொன்ன சொல்லை அவன் காப்பாற்றும்படி பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.