அம்பு தெரிகிறதா?

எனக்குப் படம் பார்க்கப் பிடிக்கும். ஆரம்பித்த படத்தை முடிவுவரை பார்க்கப் பிடிக்கும். இதில் பேராசை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

என் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஓட்டுகிறவர் தடுமாறினால் இவர் மிதிப்பார். அடுத்தவர் ஓட்டும்போது பிரேக் போட்டே பழகிய மனிதர். வீட்டில் அந்த வேலையைக் கால் விட்டுவிட்டுக் கை எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவோம். மவுஸ் அவர் கையில். திரையில் யாராவது கதவைத் திறந்தால் போதும், படத்தை நிறுத்திவிடுவார்.

"கவனிச்சியா? சாவிய மேசை மேலயே விட்டுட்டுப் போறான். இவன் எங்க உருப்படப் போறான்?"

நிறுத்தாத நேரத்திலும் நிம்மதி கிடையாது. எந்த நொடியும் தேவைப்படலாம் என்று மவுஸின் அம்பைத் திரையின் நட்டநடுவில் வைத்திருப்பார். கதாநாயகி பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அழுதுகொண்டிருப்பாள், மூக்கில் அம்பு குத்திக்கொண்டு நிற்கும்.

"கொஞ்சம் ஓரமா தள்ளி வைங்களேன்."

"அவசரத்துக்கு அதத் தேடிட்டு இருக்க முடியுமா?"

நான் நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே வாசகர்களுக்குப் படம் போட்டுக் காட்டும் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன புரோகிராம் உண்டு. மவுஸை அசைக்காமல் விட்டால் அம்பு தானாக மறைந்துவிடும். அசைத்தால் வந்துவிடும். அதை வீட்டிலும் போட்டேன். இதுவரை நான் செய்ததில் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது.

அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கீபோர்டின் மூலையில் இருக்கும் ஒரு பட்டனைத் தட்டினால்தான் அம்பு வரும், மறுபடி தட்டினால் போய்விடும் என்று வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு, படத்தில் ஒருவன் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பினான். இவர் மவுஸை அசைத்தார். அம்பு வரவில்லை. அடிபிடித்த பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தார்.

"அம்பு எங்க போச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இதோ இருக்கே. உங்களுக்குத் தெரியலையா?"

"எங்க?"

"அந்தம்மா தோள் மேல."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, "ஆமாமா, இருக்கு இருக்கு" என்று சாய்ந்துகொண்டார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். பொய் சொன்னது நான் மட்டும் இல்லை. 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று அவர் அடித்துச் சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

எதையும் கண்ணால் பார்க்காமல் அழுத்துகிற ஆள் இல்லை அவர். அதனால் படம் நிற்கவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக, கொலை செய்தது யார் என்பதை இயக்குநர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கொஞ்ச நாளில் மவுஸையே என் பக்கம் நகர்த்திவிட்டார். "நீயே வச்சுக்கோ, எனக்குத் தோள்பட்ட வலிக்குது."

அதன் பிறகு கண் மருத்துவரிடம் போனோம். "இந்த வயசுக்கு அருமையான கண்ணு சார்" என்றார் அவர். திரும்பி வரும் வழியெல்லாம் என் கணவர் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்.

"கண்ணு நல்லா இருந்தும் தெரியலைன்னா, கோளாறு அதுக்குப் பின்னாடி இருக்கு."

தலையை ஸ்கேன் எடுத்தோம். அதிலும் ஒன்றுமில்லை. அது அவரை இன்னும் பயமுறுத்தியது. இரண்டுக்கும் நான் லீவு போட்டுக்கொண்டு கூடவே போனேன். காத்திருந்த நேரமெல்லாம் அவர் கையை நான் விடவே இல்லை.

பிறகு ஒருநாள் பயிற்சிக் காரின் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"ஒரு அம்பு தெரியாதவனுக்கு, நாளைக்கு ரோட்டுல ஒரு குழந்த குறுக்க வந்தா தெரியுமா?"

பொறுப்பான பேச்சு. நான் மறுத்துப் பேசவில்லை. முதலாளி நல்லவர், அவருக்கு முன்னறையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி உட்காரவைக்கிற வேலை. தெருவைத் தாண்டும்போது இப்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறார். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. மகள் போன் செய்து, "அப்பா ஏம்மா இப்படி ஒடுங்கிப் போயிட்டாரு?" என்று அழுதாள். வயசாகிறது என்றேன். அது பொய்யில்லையே.

போன ஞாயிறு ஒரு நல்ல படம். கடைசிக் கட்டம். காணாமல் போன தம்பி ரயிலிலிருந்து இறங்குகிறான். இவர் கண்ணாடிக் கூட்டைக் கீபோர்டின் ஓரத்தில் வைத்தார். அது பட்டனில் பட்டுவிட்டது.

"ஏய்! தெரியுது! எனக்குத் தெரியுது! அவன் சட்டப் பாக்கெட் மேல, பாரு!"

எழுந்தே நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். விரலால் அம்பைத் தொட்டுக் காட்டினார். அது அங்கேதான் இருந்தது, பாக்கெட்டின் மேல், தெளிவாக.

நானும் பார்த்தேன். படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"எங்கங்க? அங்க ஒண்ணும் இல்லையே" என்றேன்.

அவர் விரல் அப்படியே நின்றது. என் முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

"இல்லையா?"

"இல்லைங்க."

கண்ணாடிக் கூட்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பட்டனை மெல்லத் தட்டினேன்.

"ஆமா" என்றார் அவர், சின்னக் குரலில். "இப்ப எனக்கும் தெரியல."

உட்காரவைத்து, முதுகைத் தடவிக்கொடுத்தேன். இப்படிப்பட்டவரைத் தனியாக விட்டுவிட எனக்கு மனசு வருமா? அண்ணனும் தம்பியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். நல்ல முடிவு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.