இங்கிலாந்துப் பியர்

எண்பதுகளில், எங்கள் ஆட்கள் மொன்றியலுக்கு அகதிகளாக வந்துகொண்டிருந்த காலம். ஒரு பனிநாள் மாலை மெட்ரோவில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும் அமர்ந்திருந்தார்கள்.

"ஓம், வேணுமெண்டுதான் உடைச்சனான்," என்றார் கணவர்.

"தெருமூலைத் தெப்பனர்க் கடைக்குள்ள, எல்லாருக்கும் முன்னால பியர் போத்தலைப் போட்டு உடைக்கிறதே? உங்களுக்கு விசரே?"

"நான் இங்கிலாந்தில வேலை செய்த பியர் ஆலையின்ர பேர் போட்ட போத்தல் அது. நாலு தலைமுறையாக் குடும்பமா நடத்தினவை. அந்த ஊர்ச் சந்தைக்கு வாற சனமெல்லாம் அதைத்தான் குடிக்கும். ஒருத்தரும் வேலை தராத நேரம் முதலாளிக் கிழவர்தான் எனக்கு வேலை தந்தவர். அவர் செத்த கையோட அவற்ற பெடியள் பெரிய கொம்பனிக்கு வித்துப்போட்டாங்கள். வாங்கினவங்கள் ஆலையை இடிச்சு, எங்கள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிப்போட்டாங்கள்."

"அது தெரிஞ்ச கதைதானே."

"இப்ப வேற எங்கயோ செய்துபோட்டு, 'இண்டைக்கும் அதே குடும்பம், அதே கிணத்துத் தண்ணி' எண்டு போத்தலில எழுதியிருக்கிறாங்கள். அந்தக் கிணத்தை மூடேக்க பாத்துக்கொண்டு நிண்டவன் நான்! பச்சைப் பொய்!"

அவர் போட்ட சத்தத்தில் பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அவர் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"உங்கட கோவம் சரி," என்றார் பிறகு. "ஆனா அந்தக் கடைக்கார மனிசன் உங்களுக்கு என்ன செய்தவர்? அழுற பிள்ளையை இடுப்பில வச்சுக்கொண்டு அவற்ற மனிசியெல்லே கண்ணாடி பொறுக்கினவ. அதுவும் ஒரு குடும்பம் நடத்துற கடைதானே?"

கணவர் எழுந்து கதவருகே போனார். அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கி, வந்த வழியே திரும்பும் ரயிலுக்கான எதிர்ப்பக்க மேடைக்குப் போகும் படிகளில் ஏறினார்கள்.