வாவுபலிக்கு வாங்கிய எள்

எனக்குச் சட்டென்று கண்ணில் நீர் வந்துவிடும், இன்ஸ்பெக்டர் சார். எங்கள் தொழிலில் அது ஒரு தகுதி. இலங்கைப் போரில் காணாமல்போனவர்களுக்கு நீதி கேட்கும் அமைப்பு எங்களுடையது. திருவனந்தபுரத்தில் இரண்டு அறை, வெளிநாட்டு மானியம், வாசலில் ‘இயக்குநர் அழகியநம்பி’ என்று பித்தளைப் பலகை. பலகை நானே சொல்லிச் செய்தது.

மானியம் நிலைத்தது இராசமலர் அம்மாவால். வலியசாலையில் ஒரு வீட்டில் சமையல் செய்துகொண்டிருந்தார். மகன் குகன் கடைசிச் சண்டையில் பிரிந்துபோனவன். வருடந்தோறும் மானியக்காரர்கள் வரும்போது, அவனுடைய பள்ளிக்கூடப் படத்துக்கு விளக்கேற்றி, “என்ர பிள்ளை எங்கயோ இருக்கிறான்” என்பார். வெள்ளைக்காரர்களே மூக்கைச் சிந்துவார்கள். நானும்தான்.

அந்தப் படத்தைப் போஸ்டராக்கி ஊரெல்லாம் ஒட்டினோம். போன வருடம், கழக்கூட்டத்து ஹோட்டலில் பரோட்டா போடும் ஒருவன் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான்.

“அண்ணை, இது நான்தான். அம்மா இருக்கிறாவோ?”

மானியக்காரர்கள் அந்த வாரம்தான் வருவதாக இருந்தது. காணாமல்போன மகன் கிடைத்துவிட்டால் விளக்கு எதற்கு, நாங்கள் எதற்கு? நான் பேசவில்லை. அம்மா போய்விட்டார் என்று அவனே புரிந்துகொண்டு அழுதான். அதுவரை நான் பொய் சொல்லவில்லை, குறித்துக்கொள்ளுங்கள். “எப்ப அண்ணை?” என்றபோதுதான் “போன ஆடியில்” என்று சொல்ல வேண்டிவந்தது.

விருந்தாளிகள் போனதும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மூன்று வருடத்துக்கு மானியத்தைப் புதுப்பித்துவிட்டுப் போனார்கள். செத்ததாகச் சொன்னவரை எந்த முகத்தோடு எழுப்பிக் கொண்டுவருவது? எனக்குக் கூச்சசுபாவம் அதிகம்.

ஆடி அமாவாசைக்கு அவன் சங்குமுகம் கடற்கரையில் அம்மாவுக்குத் திதி கொடுத்து வாவுபலி இட்டான். எள்ளும் அரிசியும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்; கல் பொறுக்கிய நல்ல எள். அன்று மாலை அம்மா போன் செய்தார்.

“தம்பி, ஏதும் சேதி வந்ததோ?”

“தேடிக்கிட்டே இருக்கோம்மா.”

“நீங்கள் இருக்கிறபடியாத்தான் நான் உசிரோட இருக்கிறன்.”

அழுதுவிட்டேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம் என்பார்கள். என் கண்ணீர் நிஜம் சார்.

போன மாதம் நெஞ்சுவலி வந்து அம்மா போய்ச் சேர்ந்தார். எங்கள் அலுவலகத்து ஆர்யாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது. “சாரே, நம்மட அம்மாவுக்கு அஞ்சலி போஸ்டர் ஒட்டண்டே?” என்று கேட்டவள், நான் பதில் சொல்வதற்குள் கழக்கூட்டம்வரை ஒட்டிவிட்டாள். அம்மாவின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் இறந்த தேதி. அதைப் பார்த்துத்தான் குகன் உங்களிடம் வந்திருக்கிறான்.

அவன் கோபம் நியாயம்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். சுடுகாட்டில், கொள்ளி வைக்கப் பிள்ளை இல்லையே என்று எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். நான்தான் முன்வந்து வைத்தேன். நான் மட்டும் இல்லாவிட்டால் அந்த அம்மா அநாதையாகப் போயிருப்பார், சார்.